அறுகுக்கு மதிப்பெண் இட்டவர்கள்

பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகும், கோல்ஃப் விளையாட்டில் குழியைச் சுற்றிப் பந்தை உருட்டும் பசுந்திடலின் புல்லும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தாவரவியலில் அதன் பெயர் சைனோடான். ஆங்கிலம் பேசும் உலகம் அதைப் பெர்முடாப் புல் என்கிறது. திருவனந்தபுரத்துக்காரர் கறுக என்பார்; வாவுபலிக்கு அதைத் தேடுவார்; தசபுஷ்பத்துள் ஒன்றாக எண்ணுவார். அதே நகரத்தின் கவடியார்ப் பகுதியில், ஒன்பது குழிகள் கொண்ட பழைய கோல்ஃப் திடல் ஒன்று இருக்கிறது. தன் தொடக்கத்தை 1850 என்று சொல்லிக்கொள்ளும் திடல் அது. வேலிக்கு வெளியே வழிபாட்டுப் பொருள், வேலிக்கு உள்ளே மில்லிமீட்டர் கணக்கில் வெட்டப்படும் தரைவிரிப்பு என்று ஒரே புல் இரு வேறு வாழ்வு வாழ்கிறது. இந்த இரண்டாவது வாழ்வுக்கு எந்த அறுகு தகுதியானது என்பதை யார், எங்கே, எந்த அளவுகோலால் தீர்மானித்தார்கள் என்பது வரலாற்றுக் கேள்வி. புல் வகைகளின் மதிப்பீட்டை வேளாண் தொழில்நுட்பத்தின் சிறு கிளையாக மட்டும் கருதுவோர் இக்கேள்வியைக் கேட்பதில்லை.

பெயரிலிருந்தே தொடங்கலாம். பெர்முடாப் புல் பெர்முடாத் தீவுகளுக்கு உரியது அன்று. அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு அதை 1751இல் ஆளுநர் ஹென்றி எல்லிஸ் கொண்டுவந்தார் என்று புல்லியல் நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதி வருகின்றன. எல்லிஸ் ஆளுநர் பொறுப்பேற்றுச் சவானா நகருக்கு வந்ததோ 1757இல். தாமஸ் ஸ்பால்டிங் என்ற தோட்ட முதலாளியின் குறிப்பொன்றைச் சார்ந்து நிற்கும் இந்தத் தேதியை எத்தனை பாடநூல்கள் சரிபார்க்காமல் திருப்பிச் சொல்லியிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதே ஒரு முனைவர் பட்ட மாணவருக்குப் பயனுள்ள பயிற்சியாக அமையும். சவானாவுக்கு அப்புல் வருவதற்கு முன்பே மலபார்க் கரையில் அது ஓவியமாகப் பதிவாகிவிட்டது. வான் ரீடு 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸின் கடைசித் தொகுதியில் 'பெலிக்கறுக' என்ற பெயரில் இடம்பெறுவது இந்தப் புல்தான். பலிக்கு உரிய கறுக என்ற உள்ளூர்ப் பயன்பாடு பெயரிலேயே நிற்கிறது. அந்நூலைக் கே. எஸ். மணிலால் பல பத்தாண்டு உழைப்பில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்ததும், திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் அதை வெளியிட்டதும் கேரள அறிவுலகம் நன்கறிந்த செய்திகள்.

லின்னேயஸ் 1753இல் இப்புல்லைப் பானிக்கம் பேரினத்தில் வைத்தார். பெர்சூன் 1805இல் சைனோடானுக்கு மாற்றினார். நாய்ப்பல் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இடையே கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் தூர்வைக்குத் தனிக் குறிப்பு எழுதினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1795இல், அது ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழில் வெளிவந்தது. உருப்பெருக்கியில் அதன் பூக்களின் அழகை வியந்த அவர், கால்நடைக்கு அதனினும் இனிய மேய்ச்சல் இல்லை என்றும் மதிப்பிட்டார். மதிப்பீடு என்ற சொல்லை இங்கே கவனமாகப் படிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆய்வாளர் அறுகை மதிப்பிட்டபோது மாட்டின் வாயை அளவுகோலாகக் கொண்டார்.

அந்த அளவுகோல் சென்னை மாகாணத்திலும் நெடுங்காலம் நீடித்தது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியின் தாவரவியலாளர் ரங்காச்சாரியார், தாதுலிங்க முதலியாரின் துணையோடு எழுதிய தென்னிந்தியப் புற்களின் கையேடு 1921இல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வந்தது. தென்னிந்தியப் புல்லியலுக்கு இன்றளவும் அடித்தளம் அந்நூலே. சைனோடான் பேரினத்தில் இவ்விருவரும் சேர்ந்து இரண்டு இனங்களைப் புதியனவாக அடையாளம் கண்டார்கள் என்பது பரவலாக அறியப்படாத செய்தி. ஒன்று சைனோடான் இன்டர்மீடியஸ். மண்ணுக்குள் ஓடும் மட்டநிலத்தண்டு இதற்கு இல்லை. தரைமேல் ஓடும் தண்டு மட்டுமே உண்டு. பிற்கால வகைப்பாட்டில் இது சைனோடான் ரேடியாட்டஸின் மறுபெயராக ஒடுங்கியது. மற்றொன்று சைனோடான் பார்பெரி. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்குமே உரிய இவ்வினம் கோவையில் கரும்பு இனப்பெருக்கத்தைத் தொடங்கிவைத்த பார்பரின் பெயரைத் தாங்குகிறது. ஓக்லஹோமாவில் ஹார்லனும் டி வெட்டும் 1970இல் சைனோடான் இனங்களுக்கு வழிகாட்டி நூல் எழுதியபோது பார்பெரியைத் தனி இனமாகவே ஏற்றனர். ஆக, உலகப் புல்லியல் பெர்முடா என்று அழைக்கும் பேரினத்தின் பன்மையை முதலில் உற்றுப் பார்த்தவர்களுள் கோயம்புத்தூரின் இருவர் உண்டு. அவர்கள் பார்த்தது வயல்வரப்பையும் மேய்ச்சல் நிலத்தையும். விளையாட்டுத் திடல் அவர்கள் நோக்கில் இருந்ததாகக் கையேட்டின் போக்கு காட்டவில்லை.

கோல்ஃப் இந்தியாவுக்கு வந்தது அதற்கு மிகவும் முன்னரே. கல்கத்தா மன்றம் 1829இலும் பெங்களூர் மன்றம் 1876இலும் தோன்றின. ஆனால் காலனியக் கால இந்தியத் திடல்கள் பலவற்றில் பசுந்திடலே இல்லை. மணலோடு எண்ணெய் கலந்து அழுத்திய தரையில் பந்தை உருட்டினார்கள். அதற்குப் பிரவுன் என்று பெயர். பாசனமும் வெட்டும் எந்திரமும் ஆளும் போதாத இடத்தில் இது நடைமுறை அறிவு. ஸ்காட்லாந்தின் குளிர்நிலப் புற்கள் இந்தச் சமவெளி வெயிலில் நிற்கா. உள்ளூர் அறுகோ தடித்த இலையும் நீண்ட கணுவிடையும் கொண்டது. ஐந்து மில்லிமீட்டருக்கு வெட்டினால் இலை போய்த் தண்டு மட்டும் எஞ்சும். குறைந்த வெட்டுயரத்தில் கணுவிடை சுருங்கி, நுண்ணிலை நெருங்கி வளரும் அறுகு ஒன்று வேண்டியிருந்தது. அது கிடைத்த இடம் ஜார்ஜியாவின் டிஃப்டன்.

டிஃப்டனுக்கு 1936இல் வந்து சேர்ந்த கிளென் பர்ட்டன் முதலில் தேடியது தீவனப்புல்லைத்தான். பருத்தி விவசாயிகள் அறுகைப் பகைத்த ஊர் அது. தமிழகத்து உழவர் கோரையோடு சேர்த்து அறுகையும் தோண்டி எறிவதைப் போலத்தான் அவர்களும் எறிந்தார்கள். பர்ட்டன் 1943இல் வெளியிட்ட கோஸ்டல் என்ற தீவன வகை, களையைப் பயிராக மாற்றியது. பிறகு 1946 முதல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தின் உதவி கிடைத்தது. கவனம் திடலை நோக்கித் திரும்பியது. அவர் கையாண்ட வழி எளியது. பழைய திடல்களில் தாமாகவே நன்றாக அமைந்த திட்டுகளை வரவழைத்தார். அவற்றை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சைனோடான் டிரான்ஸ்வாலென்சிஸ் என்ற மென்புல்லோடு கலந்தார். முன்னது நான்மடியம், 36 குரோமோசோம்கள். பின்னது இருமடியம், 18. பிறந்த கலப்பு மும்மடியம். 27 குரோமோசோம்களோடு விதை கட்டாத மலடு. மலட்டுத்தன்மை இங்கே குறையாகாது. விதை விழுந்து கலப்பு முளைக்காத புல்லே சீரான திடலைத் தரும். சார்லட் நகரத் திடல் ஒன்றின் நான்காம் குழியருகே எடுத்த அறுகைத் தாய்தந்தையருள் ஒன்றாகக் கொண்ட டிஃப்கிரீன் 1956இல் வெளிவந்தது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த விதைப்பொட்டலத்தில் தற்செயலாக முளைத்த ஒரு கலப்பு, டிஃப்வே என்ற பெயரில் 1960இல் வந்தது. இன்று உலகின் விளையாட்டு அரங்குகள் பலவற்றில் விரிந்திருப்பது அந்தத் தற்செயல்தான்.

கலப்பினப் புல்லின் குரோமோசோம் கணக்கு திருவனந்தபுரத்துக்கு அந்நியமானது அன்று. ஜானகி அம்மாள் 1932 முதல் 1934 வரை இந்நகரத்து மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தார். அங்கிருந்து கோவைக் கரும்பு நிலையத்துக்குச் சென்று, புற்குடும்பத்துக்குள் பேரினம் கடந்த கலப்புகளை உருவாக்கி அவற்றின் குரோமோசோம்களை எண்ணினார். டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய குரோமோசோம் அட்லஸ் 1945இல் வந்தது. டிஃப்கிரீனுக்குப் பதினோராண்டு முந்தைய நூல் அது. அறிவும் கருவியும் இங்கே இருந்தன. அவற்றைப் புல்திடலுக்குச் செலவிட வேண்டிய தேவைதான் இல்லை. பஞ்சத்தை நினைவில் வைத்திருந்த நாடு கரும்பையும் தானியத்தையும் முன்னிறுத்தியது முற்றிலும் நியாயம். ஆயினும் அந்த நியாயத்தின் விளைவாகத் திடல்புல்லின் அளவுகோல் வேறொருவர் கையில் உருவாயிற்று.

அந்த அளவுகோல் எப்படி இறுகியது என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. டிஃப்கிரீனை நட்ட திடல்களில் சில ஆண்டுகளிலேயே குட்டையான திட்டுகள் தென்பட்டன. அவற்றைச் சேகரித்து ஒப்பிட்ட பர்ட்டன், டிஃப்டனிலிருந்து நாற்று வெளியே போவதற்கு முன்பே அதில் உடற்சடுதிமாற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். அத்திட்டு 1965இல் டிஃப்ட்வார்ஃப் ஆயிற்று. ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர் வெட்டுயரத்தில் அது நின்றது. அடுத்த மாற்றத்தைத் தூண்டியது புல்லன்று, அளவுக்கோல் ஒன்று. எட்வர்ட் ஸ்டிம்சன் 1935இல் மரத்தால் செய்த சரிவுக்கோலை அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1970களில் அலுமினியத்தில் மறுவடிவமைத்துத் திடல்காரர் கையில் கொடுத்தது. கோலைச் சாய்த்தால் பள்ளத்திலிருந்து பந்து உருளும். எத்தனை அடி ஓடுகிறது என்பதே திடலின் வேகம். அன்று எடுத்த கணக்கெடுப்பில் அமெரிக்கத் திடல்களின் சராசரி ஆறரை அடி. திடல்களின் சீர்மையைச் சோதிப்பதே கருவியின் நோக்கமாக இருந்தது. ஆனால் எண் கையில் வந்ததும் போட்டி வந்தது. பத்தடி, பதினோரடி என்று மன்றங்கள் முந்தின. வேகத்துக்கு ஒரே வழி இன்னும் தாழ வெட்டுவது; டிஃப்ட்வார்ஃப் அதைத் தாங்கவில்லை.

ஆகவே 1990களில் அதிகுட்டை வகைகள் எழுந்தன. பழைய டிஃப்ட்வார்ஃப் திடலில் கண்டெடுத்த சாம்பியன், வேய்ன் ஹன்னா காமாக் கதிர்வீச்சால் உண்டாக்கி 1997இல் வெளியிட்ட டிஃப்ஈகிள், பின்னர் மினிவெர்டி ஆகியன அவற்றுள் பெயர்பெற்றவை. மூன்று மில்லிமீட்டருக்கும் அவை வெட்டுப்படும். பர்ட்டனின் முதல் வகைகள் பொதுச்சொத்து. இவற்றுக்கோ தாவரக் காப்புரிமை உண்டு. விலை வேறு வடிவிலும் வந்தது. இவ்வகைகளில் உதிர்ந்த தண்டும் வேரும் மக்காமல் மெத்தைபோல் விரைந்து சேரும். செங்குத்துக் கத்தியால் கீறுவதும் மெல்லிய மணல் தூவுவதும் ஓயாத வேலை. அமெரிக்கத் தேசியப் புல்தரை மதிப்பீட்டுத் திட்டம் நிறம், நெருக்கம், இலைநுண்மை, நோய், பொதுத்தரம் என ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் இடுகிறது. ஆண்டு முழுதும் அத்தரத்தைக் காக்க எத்தனை ஆள்நாள் ஆயிற்று என்பது அந்த ஒன்பதுக்குள் அடங்காது.

டிஃப்டனுக்கும் இந்திய வயலுக்கும் இன்னொரு உறவு உண்டு. அதே நிலையத்தில் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்ற ஆண்மலட்டுக் கம்பு இந்தியாவுக்கு வந்தது. அதைத் தாயாகக் கொண்டு லூதியானாவில் அத்வால் 1965இல் எச்பி-1 என்ற வீரிய ஒட்டுக்கம்பை வெளியிட்டார். விளைச்சல் ஏறியது. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அந்த ஒட்டுக்கம்புகளைச் சாய்த்தது. ஒரே தாய்வழியைப் பரந்த நிலத்தில் நம்பியதன் விளைவு அது. பர்ட்டனின் கொடையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. இருப்பினும் டிஃப்டனில் பெற்ற மதிப்பெண் ராஜஸ்தானத்து வானத்தின்கீழ் எவ்வளவு செல்லும் என்ற கேள்விக்கு அந்நோய் கடுமையான விடை தந்தது. பசுந்திடலில் பட்டினி இல்லை என்பதால் அதே கேள்வி அங்கே உரக்க எழவில்லை. குளோன்கள் விஷயத்தில் கேள்வி இன்னும் கூர்மையானது. டிஃப்கிரீன், டிஃப்ட்வார்ஃப், சாம்பியன் மூன்றும் ஒரே மும்மடியச் செடியின் தலைமுறைகள். மலட்டுச் செடியாதலால் அவற்றின் வேறுபாடு முழுதும் உடற்சடுதிமாற்றத்திலிருந்து வந்தது. வகைகளின் பெயர்கள் பல. அடியில் ஓடும் தண்டு ஒன்றே.

இனித் திருவனந்தபுரத்துக்கு வரலாம். டிஃப்டன் வடக்கு அட்சம் முப்பத்தொன்றரை; இந்நகரம் எட்டரை. அங்கே கோடையில் பகல் பதினான்கு மணி நேரம், குளிர்காலத்தில் பத்து. இங்கே ஆண்டு முழுதும் பகலின் நீளம் ஏறக்குறைய ஒரு மணி நேரமே மாறும். அமெரிக்க மதிப்பீட்டில் பெரிய இடம் பிடிக்கும் குளிர்தாங்கும் திறன், இளவேனிலில் பச்சை திரும்பும் வேகம் இரண்டும் இங்கே பொருளற்ற பத்திகள். அறுகு உறங்கச் செல்லும் குளிர் இந்நகரத்துக்கு வருவதில்லை. மாறாக அங்கே இல்லாத பத்தி ஒன்று இங்கே வேண்டும்: முகில். தென்மேற்குப் பருவம் ஜூனில் தொடங்கும். ஓய்ந்ததும் வடகிழக்குப் பருவம் அக்டோபர், நவம்பர் மாதங்களைப் பிடிக்கும். டிஃப்ஈகிளுக்கு நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 30 மோலுக்கும் கூடுதலான ஒளி தேவை என்பது தென் கரோலினாவில் நடந்த ஆய்வு. பன்னிரண்டரை மணி நேரப் பகலில் வானமும் மூடியிருந்தால் அந்த ஒளி கிடைப்பது அரிது. ஒளி குறைந்த அறுகு நிமிர்ந்து மெலியும். தாழ வெட்டினால் இலைப்பரப்பு போகும். இடைவெளியில் பாசி ஏறும். ஈரம் நிற்கும் இடத்தில் பூஞ்சை ஏறும். எனவே ஜூலைக்கும் பிப்ரவரிக்கும் சராசரி போட்டு வைக்கும் மதிப்பெண் இங்கே உண்மையை மறைக்கும். பிப்ரவரியில் எட்டும் ஜூலையில் மூன்றும் வாங்கிய வகை, இரண்டிலும் ஐந்தரை வாங்கிய வகையோடு அட்டவணையில் சமமாக நிற்கும். திடலை ஜூலையில் பறிகொடுத்தவருக்கு அவை சமமல்ல. மிகக் குறைந்த மாதத்தின் மதிப்பெண்ணை வைத்து வகைகளை வரிசைப்படுத்துவதே இவ்வூருக்குப் பொருந்தும்.

மண்ணும் வேறு. அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1960இல் வகுத்த முறைப்படி, சரளைமீது மணல் பரப்பிய வடிகால் அடுக்கில் திடல் அமைந்தால் மழைநீர் இறங்கும்; ஆனால் அதே மணலில் இட்ட தழைச்சத்தும் மழையோடு இறங்கிவிடும். செம்புரை மண்மீது நேரடியாக அமைந்த பழைய திடலில் சத்து நிற்கும், நீரும் நிற்கும். எந்த அடித்தளத்தில் சோதித்தார்கள் என்று சொல்லாத வகை மதிப்பீடு இந்நகரத்துக்கு அரைச் செய்திதான். வெப்பமண்டலத் திடல்கள் பல பெர்முடாவை விட்டுக் கடலோரப் பாஸ்பலத்துக்கு மாறியதற்கும் காரணம் வேகமன்று. உவர்நீரையும் ஈரத்தையும் முகில்நாளையும் அது கூடுதலாகத் தாங்குவதே காரணம். கேரளக் கரையிலும் இயல்பாக வளரும் அந்தப் புல்லை ஒப்பீட்டுச் செடியாக வைக்காத சோதனை இங்கே முழுமை பெறாது.

கவடியார்த் திடலின் நிலம் அரசுக்கு உரியது. குத்தகை குறித்து அரசுக்கும் மன்றத்துக்கும் நீண்ட வழக்கு நடந்தது. பின்னர் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியகம் அங்கே வந்தது. நகரத்தின் நடுவில் இருபத்தைந்து ஏக்கர் அளவிலான பொதுநிலம் எவருக்கு என்ற வாதத்தில் புல்லியலாளர் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வகைத் தேர்வு அந்த வாதத்துக்கு வெளியே நிற்பதும் இல்லை. நாள்தோறும் வெட்டும், அடிக்கடி மணலும், பூஞ்சைக்கொல்லியும் கேட்கும் மூன்று மில்லிமீட்டர் வகையைத் தேர்ந்தால், பொதுப்பணம் சில அடி வேகத்துக்குச் செலவாகிறது. மருந்து மழையோடு தாழ்நிலத்துக்கு ஓடுகிறது. ஐந்து மில்லிமீட்டரில் நிற்கும் பழைய வகையோ உள்ளூர்த் தெரிவோ பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சிக்குப் போதும். ஆறரை அடி வேகத்தில்தான் அமெரிக்கா தன் விளையாட்டு வீரர்களை ஒருகாலத்தில் வளர்த்தது.

உள்ளூர்த் தெரிவு என்பது வெறும் ஆசைச் சொல்லன்று. பர்ட்டன் செய்ததே அதுதான்: பழைய திடலில், மிதிபட்டும் வெட்டுப்பட்டும் தானே தேறிய திட்டைத் தேடினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் மழையிலும் மிதியிலும் நின்றதாகச் சொல்லப்படும் கவடியாரின் ஓரங்கள், கோயில் முற்றங்கள், அணிவகுப்புத் திடல்கள், வெள்ளாயணி ஏரிக்கரை ஆகியவற்றிலிருந்து கறுகத் திட்டுகளைத் திரட்டினால் பல நூறு செடிகள் சேரும். 1955இல் தொடங்கிய வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் சல்லடை செலவில்லாதது: கணுவிடையை அளப்பது, ஐந்து மில்லிமீட்டருக்கு வெட்டி ஜூன் முதல் நவம்பர் வரை விட்டுவைப்பது, டிசம்பரில் எஞ்சியதை எண்ணுவது. இரண்டாம் சல்லடை குரோமோசோம் எண்ணிக்கை. கேரளத் தாவரவியல் துறைகளுக்கு அது கைவந்த கலை. எவரேனும் நல்ல திட்டைக் காட்டித் தந்தால் அவருக்குரிய பங்கு என்ன என்பதற்கும் இந்நகரத்துக்கு முன்மாதிரி உண்டு: பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட நிறுவனம் ஆரோக்கியப்பச்சைக்காகக் காணி மக்களோடு 1990களில் செய்துகொண்ட பயன்பகிர்வு ஏற்பாடு, அதன் குறைகளோடும் சேர்த்து, உலகம் படித்த ஆவணம்.

தொகுப்பு திரட்டுவோர் ரங்காச்சாரியாரின் கையேட்டையும் உடன் கொண்டுபோவது நல்லது. திரட்டும் செடியைப் பிடுங்கி அடியில் மட்டநிலத்தண்டு உண்டா என்று பார்த்த பிறகே அதற்கு எண் இட வேண்டும். தண்டு தரைமேல் மட்டும் ஓடினால் அது டாக்டிலான் அன்று. அவர் 'இன்டர்மீடியஸ்' என்று பிரித்து வைத்த புல். மண்ணுக்குள் சேமிப்பு இல்லாத அப்புல் ஆழக் கீறினால் மீளாது; ஆனால் கீற வேண்டிய மெத்தையும் அதில் அதே அளவுக்குச் சேருமா என்பதை அளந்து பார்க்கலாம்.